கட்டு அவிழ்ந்த பிறகும் நின்றவர்: இண்டரின் ஃபக்கெட்டி

ஒரே கழகத்துக்காக ஆடி ஓய்வு பெற்ற கால்பந்து வீரர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், விசுவாசம் என்ற பாராட்டை நாம் சற்றுத் தாராளமாகவே வழங்கிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இத்தாலியின் இண்டர் மிலான் கழகத்தில் 1960 முதல் 1978 வரை ஆடிய ஜியாச்சிந்தோ ஃபக்கெட்டியின் பெயர் அத்தகையோரின் முதல் வரிசையில் வைக்கப்படுகிறது. அவர்மீது எனக்குள்ள மதிப்பு மிகப் பெரியது. ஆனால் அவர் பதினெட்டு ஆண்டுகள் வேறு கழகத்தின் சட்டையை அணியவில்லை என்பது அந்த மதிப்புக்குத் தொடக்கம் மட்டுமே. ஆட்டத்தை நிறுத்திய பிறகு, எந்தச் சட்டமும் அவரைப் பிணைத்து வைக்காத காலத்தில், அதே கழகத்துக்கு அவர் செய்த பணிகளும், 2004 சனவரியில் அவர் ஏற்றுக்கொண்ட தலைவர் பதவியுமே என்னை அவரிடம் ஈர்த்தவை.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைய இத்தாலியில் ஒரு தொழில்முறை வீரரின் பதிவு முழுவதும் கழகத்தின் கையில் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், கழகம் சம்மதித்தால் ஒழிய வீரர் வேறிடம் போக முடியாது. கழகம் விரும்பினாலோ அவரைக் கேட்காமலே விற்றுவிடலாம். 1981ஆம் ஆண்டின் 91ஆம் எண் சட்டம் வந்த பிறகே அந்தக் கட்டு அவிழத் தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஃபக்கெட்டி காலணியைக் கழற்றிவிட்டார். ஆகவே அவர் இண்டரிலேயே ஆடி முடித்ததில் அவருடைய விருப்பத்துக்குப் பங்கு இருந்தது போலவே, அவரை விற்க மனமில்லாத கழகத்தின் முடிவுக்கும் பங்கு இருந்தது. அக்காலத்து வீரர்களையும் இன்றைய வீரர்களையும் ஒரே தராசில் நிறுத்தி, "அந்தக் காலத்தில் விசுவாசம் இருந்தது" என்று பெருமூச்சு விடுவோர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆட்டக்காரராக அவர் எத்தகையவர் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1942 சூலை 18 அன்று பெர்கமோ மாவட்டத்தில் உள்ள த்ரெவில்யோ என்னும் ஊரில் அவர் பிறந்தார். ஊர்க் கழகத்தில் முன்கள வீரராக ஓடிக்கொண்டிருந்த அந்த நெடிய இளைஞரை இண்டரின் பயிற்றுநர் எலேனியோ எரேரா இடது பின்காப்பு இடத்துக்கு மாற்றினார். 1961 மே மாதத்தில் ரோமா அணிக்கு எதிராக அவர் முதன்முதலாக லீக் ஆட்டத்தில் இறங்கினார். எரேராவின் இண்டர் என்றாலே கோட்டைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆடும் அணி என்ற பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அது பாதி உண்மைதான். நடுவில் பிக்கி அனைவருக்கும் பின்னே நின்று காவல் காப்பார். வலது பக்கத்தில் புர்னிச் தம் எல்லையை விட்டு அதிகம் நகரமாட்டார். ஆனால் இடது பக்கத்தில் கோர்சோ என்ற கலைஞர் விளிம்பில் நில்லாமல் நடுக்களத்தை நோக்கி உள்ளே வந்துவிடுவார்; அவர் விட்டுச் சென்ற நீண்ட பாதை முழுவதும் ஃபக்கெட்டிக்கு உரியதாகிவிடும். ஆறடிக்கு மேல் உயரமும் நீண்ட கால்களும் கொண்ட அவர் தம் கோல் எல்லையருகே பந்தைப் பறித்து, எதிரணியின் கோல் எல்லைவரை ஓடிச்சென்று, முன்கள வீரராக இருந்த பழைய பழக்கத்தோடு பந்தை வலைக்குள் செலுத்துவார். தற்காப்பு வீரர் முன்னேறித் தாக்குவது இன்று எல்லா அணிகளுக்கும் பொதுவாகிவிட்டது. அன்று அதை ஒரு பருவம் முழுவதும், வாரந்தோறும் செய்துகாட்டியவர்கள் அரிது.

1965 மே மாதத்து ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியே இதற்கு மிகச் சிறந்த சான்று. ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 3-1 என்று தோற்றுத் திரும்பிய இண்டர், சான் சீரோ மைதானத்தில் மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் நேரடியாக இறுதியாட்டத்துக்குப் போக முடியும் என்ற நிலை. கோர்சோவும் பெய்ரோவும் அடித்த கோல்களுக்குப் பிறகு, இரண்டாம் பாதியில் மூன்றாவது கோலை ஓடிவந்து அடித்தவர் இடது பின்காப்பு வீரரான ஃபக்கெட்டி. இறுதியாட்டத்தில் பென்ஃபிகாவை 1-0 என்று வென்று இண்டர் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகக் கோப்பையைத் தக்கவைத்தது. அந்த ஆண்டின் சிறந்த ஐரோப்பிய வீரருக்கான தங்கப்பந்து விருதில் யூசேபியோவுக்கு அடுத்த இடம் ஃபக்கெட்டிக்குக் கிடைத்தது. அடுத்த பருவத்தில் அவர் லீக்கில் மட்டும் 10 கோல்கள் அடித்தார். இண்டருக்காக மொத்தம் 634 ஆட்டங்கள், 75 கோல்கள். நான்கு லீக் பட்டங்கள், இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள், இரண்டு கண்டங்களிடைக் கோப்பைகள், விடைபெறும் பருவமான 1978இல் ஓர் இத்தாலியக் கோப்பை. இத்தனை ஆண்டுகள் தற்காப்பில் நின்ற ஒருவர் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டது ஒரே ஒரு முறைதான், அதுவும் நடுவரின் முடிவைக் கண்டு கைதட்டியதற்காக.

தோல்விகளும் அவர் வாழ்வில் பெரியவையாகவே இருந்தன. 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் தோற்று, ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் தக்காளி வீச்சுக்கு ஆளான இத்தாலிய அணியில் அவர் இருந்தார். 1967 மே 25 அன்று லிஸ்பனில் செல்டிக் அணியிடம் ஐரோப்பியக் கோப்பையை இழந்த இண்டர், ஒரே வாரத்தில் மான்தோவா அணியிடமும் தோற்று லீக் பட்டத்தையும் ஒரு புள்ளியில் யுவென்டஸிடம் விட்டது. 1970 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலின் நான்காவது கோலைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கார்லோஸ் ஆல்பெர்ட்டோவின் உதையையே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஜெயர்சின்யோவைப் பின்தொடர்ந்து ஃபக்கெட்டி தம் இடத்தை விட்டு உள்ளே போனதாலேயே அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. எல்லாரையும்விட முன்னேறி ஆடத் தெரிந்த பின்காப்பு வீரருக்கு, அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தின் வழியாகவே அந்தக் கோல் வந்தது. நாட்டுக்காக அவர் 94 ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் 70 ஆட்டங்களில் அணித்தலைவர். 1968 ஐரோப்பிய சாம்பியன் போட்டியின் அரையிறுதியில், நேப்பிள்ஸ் நகரில் சோவியத் அணியுடன் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் கோலின்றி முடிந்த ஆட்டத்தைத் தீர்க்கப் பூவா தலையா போட்டபோது, இத்தாலிக்காகப் பூ என்று சொன்னவர் அவர்தான். பூவே விழுந்தது, சில நாள்களில் இத்தாலி கோப்பையை வென்றது.

இவை எதையும் டர்பனில் இருந்த எங்கள் குடும்பத்தார் கண்ணால் பார்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1976 சனவரியில்தான். நாட்டின் கால்பந்துச் சங்கத்தை இனவெறிக் கொள்கைக்காக ஃபிஃபா 1961இலேயே இடைநீக்கம் செய்திருந்தது. ஃபக்கெட்டி என்ற பெயர் எங்களுக்குச் செய்தித்தாளில் வந்த ஆட்ட முடிவுகளின் வழியாகவும், எப்போதாவது கிடைக்கும் விளையாட்டு இதழ்களின் வழியாகவும்தான் வந்து சேர்ந்தது. என் பெரியப்பாவுக்கு அவர்மீது தனிப் பிரியம். பெரியப்பாவும் இடது பின்காப்பில் ஆடியவர். மகசின் பாரக்ஸ் என்ற டர்பன் மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில், பெரும்பாலும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தத் தகரக் கூரைகளின் நடுவே பிறந்து, அங்கிருந்த ஒரு சிறு கழகத்துக்காக மட்டுமே ஆடியவர்.

அவரையும் விசுவாசி என்று சொல்லலாம்தான். ஆனால் அவருக்கும் கட்டு இருந்தது, இத்தாலியக் கட்டைவிடக் கொடியதாக. வெள்ளையர் கழகங்களின் வாசல் அவருக்குச் சட்டப்படியே அடைபட்டிருந்தது. 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் மகசின் பாரக்ஸ் மக்கள் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டபோது, தெருவோடு தெருவாக இருந்த அண்டை அயல் உறவுகள் சிதறியதைப் போலவே கழகங்களும் சிதறின. சில மறைந்தே போயின. மறையாமல் நின்ற கழகங்கள் நின்றதற்குக் காரணம், ஆடி முடித்தவர்கள் வீட்டுக்குப் போய்விடாமல் செயலாளராகவும் பொருளாளராகவும் தலைவராகவும் உட்கார்ந்ததுதான். சனிக்கிழமை காலையில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, சட்டைகளைத் துவைத்து எண்ணி வைப்பது, ஆட்டக்காரரின் பேருந்துக் கட்டணத்துக்குச் சந்தா திரட்டுவது, கரீஸ் பவுண்டன் மைதானத்தில் நாள் வாங்குவதற்காகச் சங்கக் கூட்டத்தில் இரவு பத்து மணிவரை வாதாடுவது ஆகியவையெல்லாம் தலைவர் என்ற பெயருக்குள் அடங்கிய வேலைகள். பெரியப்பா ஆடிய ஆண்டுகளைவிட இந்த வேலைகளைச் செய்த ஆண்டுகளே அதிகம். அவரைத் தேர்ந்தெடுக்கப் பணம் ஒரு காரணமாக இருந்ததில்லை, அவரிடம் அது இருக்கவுமில்லை.

ஃபக்கெட்டியின் பிற்கால வாழ்வை நான் படிக்கத் தொடங்கியபோது, உலகின் பெரும் பணக்காரக் கழகங்களுள் ஒன்றில் இதே வகையான மனிதரைக் கண்டு வியந்தேன். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் இண்டரில் தொழில்நுட்ப இயக்குநர், நிர்வாகக் குழு உறுப்பினர், வெளிநாடுகளில் கழகத்தின் தூதர் எனப் பல பொறுப்புகளில் இருந்தார். இடையில் தம் பெர்கமோ மண்ணின் கழகமான அடலாண்டாவிலும் துணைத் தலைவராக இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டக்காரராக ஒரே கழகம், நிர்வாகியாக அப்படியல்ல. அவர் ஆடிய பொற்காலத்தில் இண்டரின் தலைவராக இருந்தவர் ஆஞ்சலோ மொராட்டி. அவருடைய மகன் மாசிமோ மொராட்டி 1995இல் கழகத்தை வாங்கினார். ஃபக்கெட்டி மகனுக்கும் துணையாக நின்றார். 2004 சனவரியில் மாசிமோ தலைவர் பதவியிலிருந்து விலகியபோது அந்த நாற்காலியில் ஃபக்கெட்டியை அமர்த்தினார்கள். பங்குகளும் பணமும் மொராட்டியிடமே இருந்தன. ஃபக்கெட்டி கழகத்தின் உரிமையாளர் அல்லர். கழகத்தின் பெயரால் பேசுவதற்கு எல்லாரும் ஒப்பிய மனிதர்.

இது பெரிய கழகங்களில் அபூர்வம். தென்னாப்பிரிக்காவில் பெரும் வீரர்கள் தலைமைக்கு வந்த வழி வேறு. கைசர் மொடவுங் ஒர்லாண்டோ பைரட்ஸ் அணியில் பேர் பெற்று, அமெரிக்காவில் அட்லாண்டா சீஃப்ஸ் அணிக்கு ஆடி, 1970இல் தம் பெயரிலேயே கைசர் சீஃப்ஸ் கழகத்தைத் தொடங்கினார். ஜோமோ சோனோ ஜொகன்னஸ்பர்க்கின் ஹைலண்ட்ஸ் பார்க் கழகத்தை வாங்கி ஜோமோ கொஸ்மாஸ் ஆக்கினார். இருவரும் அடக்குமுறைக் காலத்தில் கறுப்பின மக்களின் கால்பந்துக்கு வீடு கட்டித் தந்தவர்கள். அவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. அவர்கள் கட்டிய வீட்டுக்கு அவர்களே உரிமையாளர்கள் என்பது மட்டுமே வேறுபாடு. ஃபக்கெட்டிக்கு நெருங்கிய இணை என்றால் யுவென்டஸின் ஜாம்பியேரோ போனிபெர்த்தியைச் சொல்லலாம். 1946 முதல் 1961 வரை அந்த ஒரே கழகத்தில் ஆடி, 1971 முதல் 1990 வரை அதன் தலைவராக இருந்து ஒன்பது லீக் பட்டங்களைக் கண்டவர் அவர். தலைவர் பதவியின் சாதனையை அளந்தால் போனிபெர்த்தி எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறார். மறுபுறம், ஹாம்பர்க் நகரின் அன்புக்குரிய ஊவே சீலர் 1995இல் தம் பழைய கழகத்தின் தலைவராகி, பண விவகாரக் குழப்பத்தின் நடுவே 1998இல் விலகினார். பழைய வீரரைத் தலைவராக்குவது தன்னளவில் நன்மை தந்துவிடாது என்பதை அவர் கதை காட்டுகிறது.

ஃபக்கெட்டி பதவியேற்றபோது இண்டர் 1989க்குப் பிறகு லீக் பட்டத்தைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்தது. 2002 மே மாதத்தில் பருவத்தின் கடைசி நாளன்று ரோமில் லாட்சியோவிடம் 4-2 என்று தோற்றுப் பட்டத்தைக் கைநழுவவிட்டதும், அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் தன் சொந்த நகரின் போட்டிக் கழகமான ஏசி மிலானிடம் தோற்று வெளியேறியதும் ரசிகர்களின் மனத்தில் ஆறாத புண்களாக இருந்தன. 2004 கோடையில் ரொபர்ட்டோ மன்சீனி பயிற்றுநராக வந்தார். ஆனால் 2005 ஏப்ரலில் நடந்தது ஃபக்கெட்டியைப் போன்ற ஒருவருக்கு எந்தத் தோல்வியையும்விட வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஏசி மிலானுக்கு எதிராக இண்டர் பின்தங்கியிருந்தபோது, இண்டர் ரசிகர் பகுதியிலிருந்து பறந்துவந்த தீப்பந்தம் ஒன்று மிலான் கோல்காப்பாளர் டீடாவின் தோளில் விழுந்தது. ஆட்டம் கைவிடப்பட்டது, எதிரணிக்கு 3-0 வெற்றி வழங்கப்பட்டது, பார்வையாளர் இல்லாத மைதானத்தில் ஐரோப்பிய ஆட்டங்களை ஆடும் தண்டனையும் இண்டருக்கு விதிக்கப்பட்டது. 634 ஆட்டங்களில் ஒரே முறை வெளியேற்றப்பட்ட மனிதர், அந்தக் கழகத்தின் தலைவர் என்ற முறையில் அந்த அவமானத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. தலைவர் பதவி என்பதில் இதுவும் அடங்கும். தாம் செய்யாததற்கும் தம் பெயரைக் கொடுக்க வேண்டும்.

அந்த ஆண்டே நிலை மாறத் தொடங்கியது. 2005 சூனில் ரோமாவை வென்று இண்டர் இத்தாலியக் கோப்பையைப் பெற்றது. 1998இல் யூஈஎஃப்ஏ கோப்பை வென்ற பிறகு கழகத்துக்குக் கிடைத்த முதல் கோப்பை அதுதான். அடுத்த ஆண்டும் அதே எதிரணியை வென்று அதே கோப்பையைத் தக்கவைத்தது. பிறகு 2006 மே மாதத்தில், யுவென்டஸ் அதிகாரிகள் நடுவர் நியமனங்களில் தலையிட்டதாகத் தொலைபேசி ஒட்டுக்கேட்புகள் வெளிவந்து இத்தாலியக் கால்பந்தே ஆட்டம் கண்டது. யுவென்டஸ் இரண்டாம் நிலை லீக்குக்கு இறக்கப்பட்டது. 2005-06 பட்டம் சூலை 26 அன்று இண்டருக்கு வழங்கப்பட்டது. அப்போது ஃபக்கெட்டி கணையப் புற்றுநோயால் நலிந்திருந்தார். செப்டம்பர் 4 அன்று, 64 வயதில், பதவியில் இருக்கும்போதே காலமானார். மிலானின் சாந்த் அம்ப்ரோஜியோ ஆலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. பிறந்த ஊரான த்ரெவில்யோவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் அணிந்த 3ஆம் எண்ணை இனி யாருக்கும் வழங்குவதில்லை என்று கழகம் முடிவு செய்தது. அப்போது அந்த எண்ணை அணிந்திருந்த அர்ஜென்டினா வீரர் நிக்கோலாஸ் புர்டிசோ அதை விட்டுக்கொடுத்து 16ஆம் எண்ணை எடுத்துக்கொண்டார். ஃபிஃபாவின் 2006ஆம் ஆண்டுத் தலைவர் விருதும் மறைவுக்குப் பின் அவருக்கு அளிக்கப்பட்டது. களத்தில் வென்ற லீக் பட்டத்தை அவர் தலைவராக இருந்து பார்க்கவே இல்லை. அடுத்த பருவத்தில் இண்டர் 97 புள்ளிகளோடு அதைச் சாதித்தது. 2010 மே மாதத்தில் மட்ரிட்டில் பயேர்ன் மியூனிக்கை வென்று, லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் தூக்கியது.

இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும், ஆனால் முழுமையாக இருக்காது. 2011இல் இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வழக்குரைஞர், ஃபக்கெட்டியும் நடுவர் நியமன அதிகாரிகளோடு தொலைபேசியில் பேசியதைக் காட்டி, அவர்மீதும் குற்றச்சாட்டு எழுந்திருக்கக்கூடும் என்று அறிக்கை தந்தார். காலவரம்பு கடந்துவிட்டதால் விசாரணை எதுவும் இல்லை. 2006 பட்டத்தைத் திரும்பப் பெறுவதில்லை என்று கூட்டமைப்பு முடிவு செய்தது. அவரை நேசிப்பவர்கள் பலர் இந்த அறிக்கையைக் குறிப்பிடுவதே துரோகம் என்று கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறிக்கை இருக்கிறது. அதைப் படிக்க வேண்டும். அதே நேரம், இறந்து ஐந்து ஆண்டுகள் ஆன ஒருவரால் எழுந்து நின்று, எந்த அழைப்பில் என்ன பேசினேன், எதற்காகப் பேசினேன் என்று சொல்ல முடியாது என்பதையும், எந்த மன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தலைவர் நாற்காலியில் அமராமல், பழைய வீரராக மட்டும் விழாக்களில் மாலை வாங்கிக்கொண்டிருந்தால், இந்தக் கறையின் நிழல்கூட அவர்மீது விழுந்திருக்காது. அதைத் தெரிந்தும் அவர் அந்த நாற்காலியை ஏற்றிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

எங்கள் ஊரில் இந்தப் பாதை ஏறத்தாழ முடிந்துவிட்டது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். 1928இல் டர்பனில் தொடங்கப்பட்ட மேனிங் ரேஞ்சர்ஸ், இந்தியச் சமூகத்தின் சிறு கழகமாக இருந்து வளர்ந்து, 1996-97இல் தென்னாப்பிரிக்கப் பிரிமியர் லீக்கின் முதல் பட்டத்தையே வென்றது. சாட்ஸ்வொர்த் மைதானத்தில் அன்று இருந்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். பத்தே ஆண்டுகளில் கடனில் மூழ்கி, அதன் லீக் இடம் ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, கழகம் கேப் டவுனுக்குப் பெயர் மாறிப் போய்விட்டது. 1921இல் தொடங்கிய விட்ஸ் கழகமும் 2020இல் அப்படியே விற்கப்பட்டது. ஒரு கழகத்தின் இடத்தையே கடைச்சரக்காக விற்கலாம் என்று விதி இருக்கும்போது, அந்தக் கழகத்தில் ஆடி முடித்த ஒருவர் எதன் தலைவராக வருவார்? இந்த விதியை லீக் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறைந்தது, கழகம் பிறந்த நகரைவிட்டு அதன் இடத்தை வேறு நகருக்கு விற்பதையாவது தடை செய்ய வேண்டும்.

அது நடக்கும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மகசின் பாரக்ஸிலும், பிறகு சாட்ஸ்வொர்த்திலும், ஃபீனிக்ஸிலும் கழகங்களைத் தாங்கிய செயலாளர்களும் தலைவர்களும் எழுதிவைத்த கூட்டக் குறிப்பேடுகள், சந்தாப் புத்தகங்கள், அணிப் படங்கள் இன்னும் பல வீடுகளில் பெட்டிகளில் கிடக்கின்றன. பெரியப்பாவின் குறிப்பேடுகளில் எங்களுக்குக் கிடைத்தவை கரையான் விட்டுவைத்தவை மட்டுமே. உங்கள் வீட்டில் இருந்தால், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தை அணுகிக் கேளுங்கள். கொடுப்பதற்கு முன், படங்களில் இருப்பவர்களின் பெயர்களை, அவர்களை அறிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் படத்தின் பின்னால் எழுதிவிடுங்கள். ஆடியவர்களின் பெயர்களோடு, ஓரத்தில் கோட்டு அணிந்து நிற்கும் அந்த ஓரிருவரின் பெயர்களையும் விடாமல் எழுதுங்கள்.